பொத்தான் வைத்த சீட்டு

பிப்ரவரி 9

அன்புள்ள சகலைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. ஆமாம், நானேதான். பென்சிலைப் பிடித்திருப்பது என் கை. இந்த நாலு வரி வருவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. ஆறட்டும்.

நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். உன் முதுகு எப்படி? கொழுந்தியாளுக்கு மூட்டு வலி குறைந்ததா? உன் காதைப் பற்றிக் கேட்கவில்லை, அது தெரிந்த கதை. போன தடவை போனில் "முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "முழுக்கையா, அரைக்கையா?" என்று கேட்டாய். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி உன்னோடு எழுத்தில்தான் பேச்சு என்று. அக்காவும் தங்கையும் போனில் பேசிக்கொள்ளட்டும்.

உன் அண்ணிதான் எனக்கு வாத்தியார். இத்தனை காலம் பஸ் போர்டு முதல் மருந்துச் சீட்டு வரை வாசித்துச் சொன்னவள், மகள் வீட்டுக்கு வந்ததும், "என் தொண்டையும் தேஞ்சு போச்சு, நீங்களே கத்துக்குங்க" என்று பென்சிலை என் முன்னால் போட்டாள். தப்பாக எழுதினால் அழிக்க விடமாட்டாள். எழுத்தும் செங்கல் மாதிரிதான் சகலை. முதல் வரிசை கோணினால் சுவரே கோணும். இப்போது தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கலாம், என் வரி அப்படி நிற்கிறது. 'ழ' ஒன்றுக்கு மட்டும் இன்னும் சாரம் கட்டித்தான் ஏறவேண்டியிருக்கிறது.

வீடு நான்காவது மாடி. மகளும் மருமகனும் காலையில் கதவைச் சாத்தினால் இருட்டிய பிறகுதான் திறக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் என் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அந்த நேரத்தில் உன் தையல் கடைப் பின்னறையில் நீ, மெக்கானிக், பேக்கரிக்காரர் மூவரும் போக்கருக்குச் சீட்டைக் கலைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு காரியம். நான் கிளம்பிய அன்று கடைசி ஆட்டம் முடியவில்லை, நினைவிருக்கிறதா? ஐந்து சீட்டும் என் கைக்கு வந்துவிட்டது. நீ வழக்கம் போல, "பத்து போடுறேன்..." என்று பாதியில் நிறுத்தி எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குள் வாசலில் டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். நான் சீட்டைக் குப்புற வைத்து, அதன் மேல் என் பழைய கோட்டின் பித்தளைப் பொத்தானை வைத்துவிட்டு, "வந்து ஆடுறேன்" என்று கிளம்பினேன். பொத்தான் வைத்த சீட்டை யாரும் தொடக் கூடாது, அது உயிரோடு இருக்கிறது என்பது நம் மேஜைச் சட்டம். என் பொத்தான் அங்கேயே இருக்கிறதா? என் நாற்காலி சும்மா இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் எழுது.

இதுவரை கைநாட்டு வைத்தவன், இதோ, முதல் கையெழுத்து.

உன் அண்ணன்
கொத்தனார்


பிப்ரவரி 26

மதிப்புக்குரிய அண்ணனுக்கு, சகலை எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் கண்டு கடையே அதிர்ந்துவிட்டது. மெக்கானிக் வாங்கி முகர்ந்து பார்த்தார். "சிமெண்ட் வாசம் வரலியே, அவர் எழுதினதுதானா?" என்றார். பேக்கரிக்காரர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார். நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். முதுகு அப்படியே இருக்கிறது. உங்கள் கொழுந்தியாள் நடக்கிறாள், திட்டுகிறாள், குறையில்லை. அண்ணிக்கு என் வணக்கம். இந்த வயதில் உங்களை உட்காரவைத்துப் பாடம் சொன்னவருக்கு இன்னொரு வணக்கம்.

ஆட்டம் நடக்கிறது. நீங்கள் போன பிறகு மூன்று பேராய் ஆடிப் பார்த்தோம், உப்பும் இல்லை சப்பும் இல்லை. அப்போதுதான் நம் தெருவில் ஒரு கடிகாரக்காரர் புதிதாகக் கடை போட்டார். காஜா போடுகிற ஊசியைவிடச் சின்ன ஊசியோடு வேலை செய்கிறவர். "ஆடுவீங்களா?" என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றார். அண்ணே, கொஞ்சம் இல்லை. நிமிர்ந்து உட்காருகிறார். சீட்டை மார்போடு அணைத்துக்கொள்கிறார். தன் முறை வரும் வரை மூச்சுகூடச் சத்தமாக விடுவதில்லை. தோற்றால், "நல்ல ஆட்டம்" என்கிறார். முறை வரும் முன்னே, "சீ, போ கழுதை!" என்று எல்லாச் சீட்டையும் முகம் தெரிய வீசி எறிகிறவர் யாரும் இப்போது எங்கள் மேஜையில் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

பேக்கரிக்காரர், "இப்பதான்யா இது ஆட்டம் மாதிரி இருக்கு" என்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். லிஃப்ட் இருந்தாலும் கொஞ்சம் நடங்கள்.

அன்புடன்,
சகலை


மார்ச் 14

அன்புள்ள சகலைக்கு,

இங்கே யாவரும் சௌக்கியம். அங்கே கடிகாரக்காரர் உட்பட யாவரும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

அவர் வந்தது எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. இதை எழுதும்போது பென்சில் முனை இரண்டு தடவை உடைந்தது, அது பென்சிலின் குற்றம். நான் இரண்டு கேள்வி கேட்டேன். நீ ஒரு பக்கம் முழுக்க ஒரு ஆளுடைய நிமிர்ந்த முதுகைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவர் எங்கே உட்காருகிறார் என்பதை மட்டும் எழுதவில்லை.

மருமகன் எனக்குச் சீட்டாட்ட விதிகளைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கித் தந்திருக்கிறான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று விரல் வைத்துப் படிக்கிறேன். முறை வரும் முன் சீட்டைக் கவிழ்ப்பது ஏன் தப்பு என்று நீங்கள் யாராவது இத்தனை வருஷத்தில் எனக்குச் சொன்னீர்களா? அவசரக்காரன் என்று சிரித்தீர்கள், அவ்வளவுதான். நான் முந்திக்கொண்டு விலகினால், எனக்கு முன்னால் இருக்கிறவனுக்கு 'ஓகோ, இவன் இல்லை' என்று தெரிந்துவிடும். அதை வைத்து அவன் பந்தயத்தை ஏற்றுவான், நடுவில் அகப்பட்டவன் செத்தான். இதெல்லாம் இப்போது என் கண்ணே படித்துச் சொல்கிறது. எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா, தனக்குத்தானே ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொள்வது!

அதிருக்கட்டும். எனக்கும் இங்கே ஒரு மேஜை அமைந்துவிட்டது. இந்தக் கட்டடத்திலேயே ஒரு கேப்டன் இருக்கிறார். கப்பல் கேப்டன். வெள்ளை மீசை, உலகம் சுற்றியவர். அவரோடு இன்னும் இரண்டு பெரிய மனிதர்கள். மேஜை மேல் பச்சைத் துணி விரித்திருக்கிறது. பந்தயம் வைக்கப் பொத்தான் எல்லாம் கிடையாது, கணகணவென்று சத்தம் போடும் வில்லைகள். கேப்டனுக்கு நான் என்றால் உயிர். "நீங்க இல்லாம சீட்டைப் பிரிக்கவே மாட்டேன்" என்கிறார்.

உன் காஜா ஊசி கடிகாரக்காரரைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்


ஏப்ரல் 5

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

கேப்டனுடைய நலமும் அவருடைய மீசையின் நலமும் அறிய ஆவல். எங்களுக்கு ஒரு குறைவும் இல்லை. கொழுந்தியாள் உங்களை விசாரித்தாள்.

பச்சைத் துணியா? நல்லது. இங்கே மெக்கானிக்குக்குப் பேன்ட் தைத்து மிஞ்சிய காக்கித் துண்டைத்தான் விரிக்கிறோம். இத்தனை வருஷம் அதில்தான் நீங்களும் ஆடினீர்கள், ஒரு நாளும் உறுத்தியதாகச் சொன்னதில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று, கோட்டுப் பொத்தான் பத்து என்று எண்ணித்தான் ஆடினோம். அப்போது வில்லை கணகணக்கவில்லையே என்று யாரும் தூக்கம் கெட்டுப் போகவில்லை. சரி, உலகம் சுற்றியவரோடு ஆடுகிறவருக்குத் தையல்காரன் என்ன சொல்வது?

எங்கள் கடிகாரக்காரர் போன வாரம் என்ன செய்தார் தெரியுமா? நான் என் பழக்கப்படி, "உங்க பத்தைப் பார்க்கிறேன்..." என்று பத்தை வைத்துவிட்டு, மூக்கைச் சொறிந்தபடி பேக்கரிக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் முகம் வாடியது. உடனே, "...மேலே இருபது" என்று இன்னொரு பிடி அள்ளினேன். கடிகாரக்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"மன்னிக்கணும். பார்க்கிறேன்னு சொல்லிட்டீங்க, அதோட முடிஞ்சுது. ஏத்தறதா இருந்தா ஒரே மூச்சுல சொல்லணும். பாதி சொல்லி, எதிராளி முகத்தைப் பார்த்து, மீதியைச் சேர்க்கிறது முறை இல்லை."

பேக்கரிக்காரர் மேஜையைத் தட்டினார். "அடப்பாவி! இத்தனை வருஷமா என் மூஞ்சிய ஓசியிலயா படிச்சிட்டிருந்தே?"

"ஓசியில படிச்சாலும் ஒண்ணும் பெரிசா எழுதியிருக்காதேய்யா" என்றார் மெக்கானிக்.

எனக்கு அன்று முகத்தில் ஈ ஆடவில்லை. ஆனாலும் நியாயம் நியாயம்தானே. அவர் எங்கே உட்காருகிறார் என்று கேட்டீர்கள். உங்கள் நாற்காலியில்தான். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சகலை


ஏப்ரல் 13

சகலைக்கு,

நலம். நீயும் நலமாகவே இரு.

என் நாற்காலியில்! கைப்பிடி ஆடியபோது ஆணி அடித்தவன் யார்? முதுகுப் பலகை பிளந்தபோது இழைத்துப் போட்டவன் யார்? வெளிச்சம் நன்றாக விழுகிறதாம். அந்த வெளிச்சம் விழுகிற ஜன்னலை உனக்கு உடைத்துக் கட்டிக்கொடுத்ததே நான்தான். மூன்றாவது மனிதன் உட்காருவதற்கா வெயிலில் நின்று கட்டினேன்?

உன் அண்ணி இந்த வரிகளைப் பார்த்துவிட்டு, "என்னங்க, இவ்வளவு அழுத்தி எழுதினா அடுத்த மூணு பக்கத்திலயும் பதியுமே" என்கிறாள். பதியட்டும்.

பொத்தானைப் பற்றி நீ இன்னும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத வேண்டாம். எனக்குப் புரிந்துவிட்டது.

இங்கே ஆட்டம் அமர்க்களமாக நடக்கிறது. நேற்று கேப்டனுக்குச் சீட்டு சரியில்லை. அவர் முறை வருவதற்கு முன்பே, "சீ, போ கழுதை!" என்று எல்லாவற்றையும் முகம் தெரிய வீசிவிட்டார். யாராவது அவருக்குப் பாடம் நடத்தினார்களா? இல்லை. எல்லோரும் சிரித்தோம். "கேப்டன், கப்பலையும் இப்படித்தான் கவிழ்த்தீங்களா?" என்று நான் கேட்டேன். அவர் என் தோளில் தட்டிவிட்டு, தன் வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். குளிர்ந்தால் என்னைப் போலவே அவருக்கும் அங்கேதான் வலி. மனிதர்கள் என்றால் அப்படி இருக்க வேண்டும். மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பதற்கு மரப்பொம்மை போதும்.

இன்னொரு செய்தி. மகள் எங்களை இங்கேயே இருந்துவிடச் சொல்கிறாள். அங்கே வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாமாம். உன் அண்ணி என் முகத்தைப் பார்க்கிறாள். சரி என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். அங்கே எனக்கு என்ன இருக்கிறது? உட்கார இடம்கூட இல்லை.

கொத்தனார்


ஜூன் 2

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளிச் சீருடைகள் வந்து குவிந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவும் தங்கையும் ஒரு நாள் வெகுநேரம் போனில் பேசினார்கள். என்ன பேசினார்களோ, என் காதுக்கு எட்டுமா? போனை வைத்துவிட்டு உங்கள் கொழுந்தியாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்று மாலை இரண்டு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் கேப்டன் சீட்டை வீசிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அபூர்வமான மனிதர் போலிருக்கிறது. அப்படி ஒரு ஆட்டக்காரரோடு எனக்குப் பேச வேண்டும் போல இருக்கிறது. அவருக்கு மனமிருந்தால் எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்களேன். நானும் அவருக்கு எழுதுகிறேன். உங்களிடம் கேட்க முடியாத ஒன்றிரண்டை அவரிடம் கேட்கலாம்.

மகளுக்கு இன்னும் பதில் சொல்லிவிடவில்லையே?

சகலை


ஜூன் 15

பெருமதிப்பிற்குரிய தையல்காரர் அவர்களுக்குக் கேப்டன் எழுதிக்கொள்ளும் கடிதம்.

நான் நலம். என் கப்பலும் நலம். தங்கள் முதுகு நலமா?

தாங்கள் என்னை எழுதச் சொன்னதாகத் தங்கள் சகலை சொன்னார். எனக்கு வேலை அதிகம், ஆனாலும் எழுதுகிறேன். என் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் ஒன்று போல இருப்பதாகப் பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் இருவருக்கும் ஒரே வாத்தியார். மேலும் கடலில் எழுதிப் பழகியதால் வரி சற்று ஆடும்.

தங்கள் சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் போன்ற ஆட்டக்காரரை நான் எந்தத் துறைமுகத்திலும் பார்த்ததில்லை. அவர் முறை வரும் வரை காத்திருக்கிறார். சீட்டை மார்போடு அணைத்துக்கொள்கிறார். ஒரு கடிகாரக்காரரைவிட நிமிர்ந்து உட்காருகிறார். இப்படிப்பட்டவரின் நாற்காலியை வேறொருவருக்குக் கொடுக்க யாருக்கு மனம் வரும் என்று எனக்குப் புரியவில்லை. கப்பலில் இப்படி நடக்காது.

அவர் ஒரு பித்தளைப் பொத்தானைப் பற்றி ஒரு தடவை சொன்னார். அதன் கதி என்ன? எனக்கு அதில் அக்கறை இல்லை. சும்மா கேட்கிறேன். சீட்டின் மேலே இருக்கிறதா, அல்லது யாராவது எடுத்துச் சட்டையில் தைத்துவிட்டார்களா?

அவர் இங்கே மிகவும் சந்தோஷமாக இருக்கிறார். அந்தப் பக்கத்து நினைப்பே அவருக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் பால்கனியில் போய் நிற்பார். அது காற்றுக்காக.

இப்படிக்கு,
கேப்டன்


ஜூலை 1

மாண்புமிகு கேப்டன் அவர்களுக்கு, தையல்காரனின் பணிவான வணக்கம்.

தாங்களும் தங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். தங்களைப் போன்ற பெரியவர் எனக்குக் கடிதம் எழுதியது என் பாக்கியம். தங்கள் மேஜையில் நான்கு நாற்காலியிலும் ஒருவரே மாறி மாறி உட்கார்ந்து ஆடுவதாக ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. என் காது மந்தம். நான் நம்பவில்லை.

நான் எழுதுவதைத் தாங்கள் என் சகலையிடம் சொல்லிவிடக் கூடாது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாதியைச் சொல்லிவிட்டு எதிராளியின் முகத்தைப் பார்ப்பேன். கடிகாரக்காரர் அதை மேஜையில் நிறுத்திவிட்டார். கடிதத்தில் யார் நிறுத்துவது? பச்சைத் துணியைப் பற்றிப் படித்த அன்றைக்கு எனக்கு வயிற்றெரிச்சல். எங்கோ ஒரு கேப்டன், "நீங்க இல்லாம சீட்டைப் பிரிக்கவே மாட்டேன்" என்று அவரிடம் சொல்கிறாராம். நாங்கள் இத்தனை வருஷத்தில் ஒரு தடவை அப்படிச் சொன்னோமா? சொல்லவில்லை. அந்த எரிச்சலில்தான் எழுதினேன், கடிகாரக்காரர் அவர் நாற்காலியில் உட்காருகிறார் என்று. அது பாதி. மீதி இதோ.

ஒரே ஒரு மாலைதான் உட்கார்ந்தார். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அட்டையை எப்படி மடித்து எந்தக் காலுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது என் சகலைக்கு மட்டும்தான் தெரியும். கடிகாரக்காரர் மாலை முழுக்கப் பெண்டுலம் மாதிரி ஆடினார். அடுத்த வாரமே தன் கடை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நாற்காலியில் இப்போது நான் அவசரமில்லாத துணிகளை வைக்கிறேன். யாராவது உட்காரப் பார்த்தால், "ஐயோ, இஸ்திரி போட்டது!" என்று கத்துவேன். எதுவும் இஸ்திரி போட்டதில்லை.

கடிகாரக்காரர் நல்லவர். ஆட்டமும் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் கேப்டன், அந்த அறையில் இப்போது தையல் மிஷின் ஆறும் சத்தம்கூடக் கேட்கிறது, எனக்கே கேட்கிறது. முன்பெல்லாம் என் சகலை கழுதையை விரட்டியதும், மெக்கானிக் அவரைத் திட்டுவார், பேக்கரிக்காரர் மெக்கானிக்கைத் திட்டுவார், நான் இருவரையும் பார்த்து என் பந்தயத்தை ஏற்றுவேன். அவருடைய தப்பின் மேல்தான் எங்கள் ஆட்டமே கட்டியிருந்தது. இது போன பிறகுதான் தெரிந்தது.

இனிப் பொத்தான். போன மாதம் கடிகாரக்காரர் அதைக் காட்டி, "ஆள் இடத்தில் இல்லைன்னா, முறை வந்ததும் சீட்டு செத்ததுதானே? எடுத்துக் கட்டோட சேர்த்திடலாமே" என்றார். பேக்கரிக்காரர் சீட்டுப் பக்கம் கையையும் கொண்டுபோய்விட்டார். நான் கத்தரிக்கோலை மேஜை மேல் வைத்தேன். "முறை வந்தாத்தானே சாகும்? அந்த ஆட்டத்துல நான் இன்னும் பேசி முடிக்கலை. பத்து போடுறேன்னு ஆரம்பிச்சிருக்கேன். நான் முடிக்காம அவர் முறை எப்படி வரும்?" என்றேன். கடிகாரக்காரர் வெகுநேரம் யோசித்தார். "நீங்க பாதியில நிறுத்துறது தப்புதான்... ஆனா நிறுத்தி இவ்வளவு நாளானதுக்கு விதி எதுவும் எனக்குத் தெரியலை" என்றார். என் சகலை கிளம்பிய மறுவாரமே மெக்கானிக் புதுச் சீட்டுக்கட்டு வாங்கி வந்துவிட்டார். பழைய கட்டு அந்த ஐந்து சீட்டு இல்லாமல் டப்பாவில் இருக்கிறது. ஐந்தும் பொத்தானுக்கு அடியில் அப்படியே இருக்கின்றன. காக்கித் துணியை உதறும்போதுகூட அந்த மூலையை விட்டுவிட்டுத்தான் உதறுகிறோம்.

தாங்கள் விதி தெரிந்தவர். ஒரு உதவி செய்ய வேண்டும். என் சகலை மகளுக்குச் சரி என்று சொல்லப் போகிறாராம். தன் முறை வரும் முன்னரே சீட்டை எறியப் பார்க்கிறார். ஆயுள் முழுக்க அவருக்கு இதே வேலை. தாங்கள் அவர் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டும். அவரிடம் நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தங்களிடம் சொல்கிறேன், ஒரே மூச்சில்: அவர் இல்லாமல் எங்களுக்கு ஆட்டம் ஓடவில்லை, அவர் வர வேண்டும்.

தாங்களும் கூட வந்தால், தங்களுக்கும் ஒரு இடம் உண்டு. அதே நாற்காலிதான்.

என்றும் பணிவுடன்,
தையல்காரன்


ஜூலை 12

அன்புள்ள சகலைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. நாங்கள் நலம். உன் அண்ணி இன்று காலை முதல் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பெட்டி கட்டுகிறாள்.

கேப்டனுக்கு நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. அவரும் என்னைப் போல நிதானமாகத்தான் படிப்பார். பாதிக்கு மேல் அவருக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. கடல் காற்று. என்னிடம் சொல்லக் கூடாது என்று நீ எழுதியிருந்தாய். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நாணயமான மனிதர். கடிதத்தை மேஜையில் திறந்தபடி வைத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். முகம் தெரிய எறிவது அவருக்குப் பழக்கம்.

கேப்டன் கப்பலுக்குத் திரும்பிவிட்டார். இனி வர மாட்டார்.

மகளிடம், "வருஷத்துக்கு ஒரு தடவை வந்து உன் லிஃப்ட்டுல ஏறி இறங்கிட்டுப் போறோம்மா, அங்க ஒரு வேலை பாதியில நிக்குது" என்று சொல்லிவிட்டேன். "என்னப்பா வேலை, சுவரா?" என்றாள். "ஆட்டம்" என்றேன். சிரித்துவிட்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். வருகிற ஞாயிறு மாலை நேரே உன் கடைக்குத்தான் வருகிறேன். நாற்காலியில் இருக்கிற இஸ்திரி போடாத துணியை எல்லாம் எடுத்துவை. அட்டையை நானே மடித்துக்கொள்கிறேன். கடிகாரக்காரர் ஸ்டூலோடு என் இடப்பக்கம் உட்காரட்டும். வலப்பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம் நீ.

பொத்தானுக்கு அடியில் என்ன சீட்டு இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்டம் முடியும் முன் சொல்வது முறையல்ல, புத்தகத்தில் முப்பத்தோராம் பக்கம். ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு அந்த டாக்சிக்காரன் இன்னும் கொஞ்சம் தாமதமாக ஹாரன் அடித்திருந்தால், ஒரு கழுதை கிளம்பியிருக்கும்.

நீ பந்தயத்தைப் பேசி முடி. நான் என் முறை வரும் வரை காத்திருக்கிறேன். இந்த ஒரு தடவையாவது.

எல்லாம் சரி சகலை. ஆனால் ஒன்று நெஞ்சில் முள்ளாக இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் சாரம் கட்டி ஏறி ஏறி உனக்கு மூன்று கடிதம் எழுதினேன். நீ எனக்கு எழுதியதெல்லாம் நிமிர்ந்த முதுகும் நல்ல வெளிச்சமும். முன்பின் பார்த்திராத ஒரு ஆளுக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், அதுவும் அத்தனை அன்பாக. அந்தக் கேப்டனிடம் அப்படி என்ன கண்டாய்? ஒரு வரியில் ஒழுங்காக 'ழ' போடத் தெரியாத மனிதன்.

நான் வந்த பிறகு அவர் பேச்சை என் முன்னால் எடுக்காதே.

உன் அண்ணன்
கொத்தனார்